பேச ஆளில்லாத மொழிக்கு உறவு தேடுவது எப்படி?

"பேச ஒருவர்கூட இல்லாத மொழியை இன்ன குடும்பம், இன்ன கிளை என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாட்டோர் மொழியை வைத்துச் சொல்கிறேன்.

தென் சைபீரியாவின் சயான் மலைப் பகுதியில் பேசப்பட்ட மொழி அது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மறைந்துவிட்டது. சைபீரியாவில் பயணம் செய்த அறிஞர்களான மெஸ்ஸர்ஷ்மிட், முல்லர், பல்லாஸ் போன்றவர்கள் 18ஆம் நூற்றாண்டில் திரட்டிய சொற்பட்டியல்கள்தான் முக்கியமான சான்று. அவற்றையெல்லாம் ஒப்பிட்டு மொழியியலாளர் எவ்கெனி ஹெலிம்ஸ்கி 1997இல் ஒரு நூல் வெளியிட்டார்.

மாட்டோர், சைபீரியாவிலும் ரஷ்யாவின் வடகோடியிலும் பரவிய சமோயெடிக் குடும்பத்து மொழி என்பதில் ஐயமில்லை. அந்தக் குடும்பமே ஹங்கேரியமும் அடங்கும் யூராலிக் என்னும் பெருங்குடும்பத்தின் ஒரு பிரிவு. எந்தக் கிளை என்பதில்தான் சிக்கல். செல்குப், கமாஸ் மொழிகளோடு சேர்த்துத் 'தெற்குக் கிளை' என்று முன்பு வகுத்தார்கள்.

'இரண்டு' என்ற சொல்லைப் பாருங்கள். சமோயெடிக் மொழிகளான நெனெத்ஸ், ஙனாசான், செல்குப், கமாஸ் எல்லாவற்றிலும் அது ஸ அல்லது ஷ ஒலியில் தொடங்குகிறது. மாட்டோரில் மட்டும் 'கி'! மூல மொழியின் ககரம் அங்கே அப்படியே தங்கிவிட்டது. தூரத்து உறவான ஹங்கேரிய மொழியிலும் 'இரண்டு' ககரத்தில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் மாட்டோர் தனிக்கிளை, மற்றவையெல்லாம் ஒரே கிளையா? அவசரப்படக் கூடாது. பழையதைக் காப்பாற்றி வைத்திருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. சேர்ந்து புதிதாக மாறியிருந்தால்தான் சான்று. அந்த மாற்றமும் தனித்தனியே நிகழ முடியாததாக இருக்க வேண்டும். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் நாக்கு முன்பக்கம் நகர்வதால், ககரம் திரிவது உலகெங்கும் நடக்கிற விஷயம். நம் வீட்டிலேயே இருக்கிறது: கன்னடத்தில் 'கிவி', தமிழிலும் தெலுங்கிலும் 'செவி'. அதற்காகத் தமிழையும் தெலுங்கையும் ஒரே கிளையில் யாரும் வைப்பதில்லை. தெலுங்குக்கு நெருக்கமான கோண்டியில் ககரம் மாறவில்லை. தமிழுக்கு நெருக்கமான கன்னடத்திலும் மாறவில்லை. ஒரே மாற்றம் இரண்டு இடங்களில் தனித்தனியே நடந்திருக்கிறது. எனக்கு இந்த இயலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து 'நீர்'. மாட்டோரில் 'பு'; கமாஸிலும், வடகோடியில் டைமிர் தீபகற்பத்தில் வாழும் ஙனாசானிலும் அதே பகர ஒலி. பழைய வகரம் இப்படி ஆகியிருக்கிறது. ஆனால் தெற்கிலேயே இருக்கும் செல்குப்பில் பகரம் இல்லை. ஒரு சொல் பிரிக்கிறது, இன்னொரு சொல் வேறு விதமாகச் சேர்க்கிறது.

'தெற்கு' என்பது புவியியல் பெயர்தான், வம்சாவளி அல்ல என்று மொழியியலாளர் யூஹா யான்ஹுனென் 1998இல் வாதிட்டார். அவர் கணிப்பில் முதலில் பிரிந்தது ஙனாசான், அப்புறம் மாட்டோர். எனக்கு இது ஏற்புடையதாகப் படுகிறது. ஆனாலும் சில பட்டியல்களை மட்டும் நம்பி நிற்கும் முடிவு என்பதால், அதைக் கல்வெட்டாக்க மாட்டேன்.

ஓசை ஒத்துப்போகும் நான்கு சொற்களைப் பிடித்துக்கொண்டு உலக மொழிகளையெல்லாம் தம் மொழிக்குப் பிள்ளைகளாக்குகிறவர்கள், இந்த ஆய்வாளர்களின் தயக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கருவிகளுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது பழைய கையெழுத்துப் பட்டியல்களைப் படியெடுக்கக் கொடுங்கள். மாட்டோருக்கு வேறு சாட்சி கிடையாது.