கோடைப் பயணத்தில் உடன் வரும் நாய்: வெயிலும் காடும்

ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரி வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவர்களிடம் அவசரமாகத் தூக்கி வரப்படும் நாய்களில் ஒரு பகுதி உள்ளூர் நாய்கள் அல்ல. பெங்களூரு, ஓசூர் பக்கமிருந்து ஒகேனக்கல்லுக்கோ, அஞ்செட்டி மலைகளுக்கோ, வத்தல்மலைக்கோ குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, வழியிலேயே சோர்ந்து விழுந்தவை அவை. அழைத்து வருபவர்கள் நாயைப் பிள்ளையைப் போல வளர்ப்பவர்கள். அன்பில் குறை வைப்பவர்கள் அல்லர். நாயின் உடல் வெயிலை எப்படித் தாங்குகிறது என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாததே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இறங்கி வந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரி சமவெளி சுமார் 500 மீட்டர். பென்னாகரம் தாண்டி மலைச்சாலையில் வளைந்து இறங்கி ஒகேனக்கல்லை அடையும்போது சுமார் 250 மீட்டர்தான். காருக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருப்பதால் இந்த மாற்றம் நமக்கு உறைப்பதில்லை. ஆனால் கதவைத் திறந்ததும், குளிர்ந்த ஊரில் பழகிய நாய் அக்னி நட்சத்திர வெயிலில் நேராகப் போய் நிற்கிறது. புதிய வெப்பத்துக்கு நாயின் உடல் பழகுவதற்குச் சில வாரங்கள் தேவைப்படும். இரண்டு நாள் பயணத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடல் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த ஆவியாதலும் குறைந்துவிடும். ஆகவே, ஆற்றங்கரைதானே, குளுமையாக இருக்கும் என்று நண்பகலில் நாயை அங்கே ஓட விடுவது தவறான கணக்கு. பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், அடர்ந்த முடியுள்ள ஹஸ்கி வகைகளுக்கும், பருமனான, வயதான நாய்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். பக் வகை நாயைக் கோடையில் இந்தப் பக்கம் அழைத்து வராமல் வீட்டிலேயே பொறுப்பானவரிடம் விட்டு வருவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நிறுத்திய காரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய பயன் எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு உடனே வந்துவிடுகிறோம் என்று ஓட்டலுக்குள் போகும் நேரமே ஒரு நாயின் உயிரை எடுக்கப் போதுமானது.

என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு லேப்ரடாரின் நிலையைச் சொல்கிறேன். ஒகேனக்கல் பாறைகளில் மதியம்வரை விளையாடிவிட்டு விழுந்த நாய் அது. ஈறுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. எச்சில் பிசின்போல் கெட்டியாகத் தொங்கியது. வெப்பமானி 107 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் காட்டியது. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 வரைதான். ஈரமான தடித்த துண்டு ஒன்றை உடல் முழுவதும் இறுகச் சுற்றி, அப்படியே தருமபுரிவரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டி வந்திருந்தார்கள். சுற்றிய துண்டு சிறிது நேரத்திலேயே சூடாகி, உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் போர்வைபோல் அடைத்துக்கொண்டது. நாய் அன்று பிழைத்தது. ஆனால் அதன் சிறுநீரகங்கள் தேறப் பல நாள் போராட வேண்டியிருந்தது.

அவர்கள் கிளம்பிய இடத்திலேயே தண்ணீர் இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. வெப்பத் தாக்கத்தில் முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். நிழலுக்குத் தூக்கிச் சென்று, வயிறு, தொடையிடுக்கு, கழுத்து எனத் தோல்வரை நனையும்படி கிடைக்கும் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, விசிறிக் காற்றோட்டம் கொடுங்கள். ஐஸ் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். நினைவோடு இருந்தால் தானாகக் குடிக்கட்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். வெப்பமானி இருந்தால் 103.5 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கியோ ஏ.சி.யைப் போட்டோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நடக்கிறதே, சரியாகிவிட்டது என்று வீடு திரும்பிவிடாதீர்கள். இரத்தம் உறைவதில் கோளாறும் சிறுநீரகப் பாதிப்பும் ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். பாராசிட்டமால் மாத்திரை கொடுப்பதையும் அடிக்கடி காண்கிறேன். இது காய்ச்சல் அல்ல என்பதால் அது சூட்டைக் குறைக்காது. நாயின் கல்லீரலுக்கும் இரத்தத்துக்கும் அந்த மாத்திரை கேடும் செய்யும்.

ஆகவே பயணத்தை நாயின் நேரத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கிளம்பி, ஒன்பது மணிக்குள் தங்குமிடம் சேர்ந்து, மாலை ஐந்துக்குப் பிறகே வெளியே நடத்திச் செல்வது இந்த மாவட்டங்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. தரையில் உங்கள் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத பாறையும் தாரும் நாயின் பாதத்தையும் பொசுக்கிவிடும். பரிசலில் நாயை ஏற்றவே வேண்டாம். அது மிரண்டு ஒரு பக்கம் தாவினால் பரிசல் கவிழும், ஆற்றில் இழுப்பும் அதிகம், முதலைகளும் உண்டு.

கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். இப்பகுதிக் காடுகளின் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வருகிறது. அங்கே அனுமதியின்றி நுழைந்து தங்குவது சட்டப்படி குற்றம். காட்டோரத் தனியார் தோப்பாக இருந்தாலும் அங்கே சிறுத்தையும் யானையும் நடமாடக்கூடும். சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. கூடாரத்துக்கு வெளியே கட்டிப்போடப்பட்ட நாயால் தப்பி ஓடவும் முடியாது. யானையைக் கண்டு குரைத்து ஓடும் நாய், யானை திருப்பித் துரத்தும்போது நேராக உங்களிடம்தான் ஓடி வரும். இரவில் நாய் உங்களோடு சுவருள்ள அறைக்குள் இருக்கட்டும். பகலிலும் கழுத்துப்பட்டையும் கயிறும் அவிழ வேண்டாம். தடுப்பூசி போடாத நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோயும் செந்நாய்க்கும் நரிக்கும் பரவும் என்பதால், தடுப்பூசி உங்கள் நாய்க்கு மட்டுமான பாதுகாப்பு அல்ல.

கிருஷ்ணகிரியில் இது மாம்பழக் காலமும்கூட. தோப்பிலும் சாலையோரத்திலும் கிடக்கும் மாங்கொட்டையை நாய் முழுதாக விழுங்கிவிடும். அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இருக்காது. ஊர் திரும்பிய பின் தொடர்ந்து வாந்தி எடுத்தால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

திரும்பிய அன்றே காதுமடல், விரலிடுக்கு, வாலடி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீயால் சுடாதீர்கள். உண்ணிக்காய்ச்சல் உடனே தெரியாது. பயணம் முடிந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நாய் உணவை மறுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ உங்கள் ஊர் மருத்துவரிடம் உடனே காட்டி, எந்தக் காட்டோரத்தில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.