சிங்கிள் என்னும் தனிப்பாடல்

'ஃபர்ஸ்ட் சிங்கிள் எப்போது?' புதுப்படம் எதுவானாலும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. மற்ற பாட்டுகளுக்கு முன்னால் தனியாக வருவது என்று எல்லோருக்கும் புரியும். ஆனால் இந்தப் பெயர் இசைத்தட்டுக் காலத்தது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் கொள்ளும். பல தட்டுகளை உறைகளில் செருகி, புகைப்பட ஆல்பம் மாதிரி அட்டை கட்டி விற்றார்கள், அதனால் ஆல்பம். அப்படிச் சேராமல் தனித்தட்டாக விற்றது சிங்கிள். லத்தீனில் 'சிங்குலுஸ்' என்றால் ஒவ்வொன்றாக.

1949இல் அமெரிக்காவின் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் 7 அங்குலத்தில் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. இசை வகைக்கு ஒரு நிறம். அமெரிக்க கிராமியப் பாணியான கன்ட்ரி இசைக்குப் பச்சை. அந்தப் பச்சை வரிசையில் முதல் தட்டு, 'டென்னசி உழவுப் பையன்' என்று பெயர் வாங்கிய பாடகர் எடி ஆர்னால்டுடையது. ஒரு பக்கம் 'பொக்கே ஆஃப் ரோசஸ்', மறுபக்கம் 'டெக்சர்கானா பேபி'. தன் மனதைக் காதலி உடைத்த கணக்குக்கு ரோஜா அனுப்புகிறவனின் பாட்டு முதலாவது. 78 சுற்றுத் தட்டாக 1948இல் வந்தபோதே அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. மறுபக்கப் பாட்டும் முதலிடம் பிடித்தது.

ஆக, சிங்கிள் என்ற பெயரில் இரண்டு பாட்டு! அதனால்தான் 'ஒற்றைப் பாடல்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. ஒற்றை என்பது எண்ணிக்கை; ஒற்றைச் செருப்பு என்றால் ஜோடி எங்கே என்று தேடுவோம். இங்கே வேண்டியது 'தனி'.

அதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது: தனிப்பாடல். பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடையாகக் காளமேகம் பாடிய வெண்பா எந்த நூலுக்குள்ளும் அடங்காதது. தானாக நின்று, வாய்வழியே ஊர் சுற்றி, பிறகுதான் தனிப்பாடல் திரட்டில் ஏறியது. சிங்கிளும் அப்படித்தான்: முதலில் தனியே வருகிறது, பிற்பாடு ஆல்பத்தில் சேர்கிறது. திரட்டு என்ற சொல்கூட ஆல்பத்துக்கு அழகாகப் பொருந்துகிறது.

சரி, ஒருவரே பாடுவதையும் தனிப்பாடல் என்கிறார்களே? அதைத் 'தனிக்குரல் பாடல்' என்று எழுதினால் குழப்பம் வராது. 'முதல் தனிப்பாடல் வெள்ளிக்கிழமை' என்று ஒரு சுவரொட்டியில் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.