ஒத்தியக்கம்: ‘ஒருங்கிணைப்பு’ ஏன் பொருந்தாது

ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையோடு பணம் கொடுக்கும் திட்டங்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும், ‘சுகாதாரம், கல்வி, சமூக நலச் சேவைகள் ஒருங்கிணைக்கப்பட வேண்டும்’ என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது கோஆர்டினேஷன் (coordination). இன்டக்ரேஷனுக்கும் (integration) நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

லத்தீனில் ‘கோ’ என்றால் சேர்ந்து. ‘ஓர்டோ’ என்றால் வரிசை, ஒழுங்கு. தனித்தனியாக இருப்பவை தத்தம் இடத்தில் நின்றபடி ஒரே ஒழுங்கில் இயங்குவதுதான் கோஆர்டினேஷன். தமிழில் ‘ஒருங்கு’ என்றால் ஒருசேர, மொத்தமாக. ‘வேண்டிய எல்லாம் ஒருங்கு’ என்று 343ஆம் குறளில் வருவதும் இந்தப் பொருளில்தான். அதோடு ‘இணைப்பு’ சேர்ந்தால் பலவற்றை ஒன்றாக்குவது என்றாகிறது. இன்டக்ரேஷனுக்கு இதைவிட நல்ல சொல் வேண்டாம். ஆனால் அதற்கு மட்டும்.

பிரேசிலின் போல்சா ஃபமீலியா திட்டத்தைப் பாருங்கள். 2003இல் அது தொடங்கியபோது, வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் ஓடிக்கொண்டிருந்த பள்ளி உதவி, ஊட்டச்சத்து உதவி, எரிவாயு உதவி போன்றவற்றை ஒரே திட்டமாக்கினார்கள். இது ஒருங்கிணைப்பு, சந்தேகமே இல்லை. அப்புறம் நடந்தது வேறு. பிள்ளைகளின் பள்ளி வருகையைக் கல்வித் துறை கணக்கெடுக்கிறது. தடுப்பூசி, குழந்தையின் வளர்ச்சி, கர்ப்பிணிகளின் பரிசோதனை ஆகியவற்றைச் சுகாதாரத் துறை பார்க்கிறது. இரண்டு தகவலும் சமூக நலத்துறையின் பொறுப்பிலுள்ள திட்டத்துக்கு வருகின்றன. எந்தத் துறையும் இன்னொன்றோடு கலக்கவில்லை. ஒருவர் வேலை முடிந்த இடத்தில் அடுத்தவர் வேலை தொடங்குகிறது, அவ்வளவுதான். ஒரே திட்டத்துக்குள் இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் ‘ஒருங்கிணைப்பு’ என்றே எழுதினால், அமைச்சகங்களே இணைந்துவிட்டதாக வாசகர் நினைப்பார். அப்படி நினைப்பது வாசகர் குற்றமில்லை.

மெக்சிகோவில் 1997இல் வந்த புரோகிரேசா என்ற திட்டமும் அப்படித்தான். பணம் பெரும்பாலும் தாயின் கைக்குப் போனது. பிள்ளை 85 சதவீத நாட்களாவது பள்ளிக்கு வர வேண்டியிருந்தது. குடும்பத்தினர் குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. பள்ளியிலிருந்தோ மருத்துவ நிலையத்திலிருந்தோ தகவல் வராவிட்டால் பணம் தடைபட்டது. பள்ளியே இல்லாத ஊரில் வருகையை நிபந்தனையாக்க முடியாது. செவிலியர் வராத நிலையத்தைக் காட்டித் தாயைத் தண்டிக்கவும் முடியாது. ஒரு துறை சறுக்கினால் அடி வாங்குவது குடும்பம். இந்தப் பொறுப்புச் சங்கிலியைச் சொல்லத்தான் ஒரு சரியான சொல் வேண்டும். ‘ஒருங்கிணைப்பு’ அதை மூடி மறைக்கிறது. எல்லாம் ஒன்றாகிவிட்டது என்றால், யார் தவறினார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

கோஆர்டினேஷனுக்குச் சிலர் ‘ஒத்திசைவு’ என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் அது ஒரு நிலையைச் சொல்கிறது. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ‘ஒத்துழைப்பு’ நல்லெண்ணத்தைக் காட்டும், ஒழுங்கைக் காட்டாது. ‘ஒழுங்கிணைப்பு’ என்று கட்டலாம். பொருள் கிட்டத்தட்ட சரி. ஆனால் ஓர் எழுத்து மாறினால் பழைய சொல்லாகிவிடும், அச்சுப்பிழை என்று திருத்தியும் விடுவார்கள்.

என் தேர்வு ‘ஒத்தியக்கம்’. ஒத்து இயங்குதல். இதில் ‘ஒத்து’ இருப்பதால் இருவராவது இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ‘இயக்கம்’ இருப்பதால் வேலை நடக்கிறது என்பதும் தெரிகிறது. பெயர்ச்சொல் கனமாகப் பட்டால் ‘மூன்று துறைகளும் ஒத்து இயங்க வேண்டும்’ என்று எழுதுங்கள். யாருக்கும் அகராதி தேவைப்படாது.

‘ஒருங்கிணைப்பாளர்’ ஊன்றிவிட்டதே என்பார்கள். ஊன்றியிருக்கிறது, சரி. ஆனால் இலங்கைத் தமிழில் ‘இணைப்பாளர்’ என்ற எளிய சொல் புழங்குகிறது. சிலி நாட்டில் 2002இல் தொடங்கிய ‘சிலி சொலிதாரியோ’ திட்டத்தில் ஒரு பணியாளர் வீட்டுக்கே வந்து, அந்தக் குடும்பத்துக்கு எந்த அரசுச் சேவை வேண்டுமோ அதோடு சேர்த்துவிட்டார். அவரை இணைப்பாளர் என்பதுதான் பொருத்தம். அவர் எதையும் ஒன்றாக்கவில்லை.

இதே கட்டுரைகளில் இன்னொரு சொல்லும் உறுத்துகிறது: ‘கேஷ் டிரான்ஸ்ஃபர்’ என்பதற்குப் போடும் ‘பணப் பரிமாற்றம்’. பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். இங்கே பணம் ஒரே திசையில் போகிறது, திரும்பி வருவதில்லை. நிபந்தனை இருப்பதால் அதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல் என்று வாதாடலாம்தான். ஆனால் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் அரசுக்கு எதையும் விற்கவில்லை. ‘நிபந்தனையுள்ள உதவித்தொகை’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘உதவித்தொகை’ எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதி காட்டும் முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிற பழக்கத்தால்தான் அது இந்தக் கட்டுரைகளுக்குள் வர முடியாமல் நிற்கிறது.