சுட்டி ஏறினால் சுன்னாகம் சந்தை ஏறுமா?

2021 இல் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி, அதாவது அங்குள்ள பங்குகளின் விலைப் போக்கை ஒரே எண்ணில் காட்டும் அளவுகோல், ஏறக்குறைய 80 வீதம் ஏறியது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில்தான் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் சனம் அலையத் தொடங்கியது. 2022 ஜனவரியில் சுட்டி 13,000 ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் அறிவித்தது.

எப்படி நடந்தது? அப்போது மத்திய வங்கி வட்டியை மிகக் கீழே வைத்திருந்தது. வைப்பில் கிடந்த காசுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாகன இறக்குமதிக்கும் தடை. கையில் காசு இருந்தவர்கள் பங்குப் பக்கம் திரும்பினார்கள். அப்புறம், எல்லா நிறுவனங்களும் இந்தச் சுட்டியைச் சமமாக இழுப்பதில்லை. சந்தை மதிப்பில் பெரியவை எவையோ அவைதான் இழுக்கும். அந்த ஆண்டு எல்ஓஎல்சி என்ற நிதிக் குழுமம், எக்ஸ்போலங்கா ஆகிய இரண்டு பெயர்களே பெரும் பகுதியை இழுத்தன. எக்ஸ்போலங்கா சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்த நிறுவனம். உலகம் முழுக்கக் கொள்கலன் கட்டணம் எகிறியது அதற்கு வாய்ப்பாகப் போனது. எங்கள் ஊர்க் கடைகளில் வியாபாரம் நடந்ததா படுத்ததா என்பதற்கும் அந்த இலாபத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

2022 இல் திறைசேரி உண்டியல் வட்டி, அதாவது அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரத்தின் வட்டி, 30 வீதத்துக்கு மேல் போனது. பயமில்லாமல் அவ்வளவு கிடைக்கும்போது பங்கை யார் தொடுவார்? கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் நெருக்கடியில் விற்கவேண்டி வந்தது. ஏப்ரலில் சந்தையை ஒரு கிழமை மூடியே வைத்தார்கள். ஆண்டு முடிவில் சுட்டி 30 வீதம் அளவில் விழுந்திருந்தது. சந்தையையும் பொருளாதாரத்தையும் கட்டியிருக்கும் கயிறு பெரும்பாலும் இந்த வட்டிதான்.

அண்மையில் அலுவலகத்துக்கு வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கைபேசியில் சுட்டியின் கோட்டைக் காட்டினார். "தம்பி, இப்பிடி ஏறுதெண்டால் நாடு நிமிர்ந்திட்டுது தானே? வைப்பில இருக்கிறதை எடுத்து இதில போட்டால் என்ன?"

"ரீச்சர், வைப்புக்கு இப்ப என்ன வட்டி தாறாங்கள்?"

"எட்டுத்தான். முந்தி இருபதுக்கு மேல தந்தவங்கள்."

விடை அதற்குள்ளேயே இருந்தது. அவருடைய வட்டி விழுந்ததும் சுட்டி ஏறியதும் நாட்டில் வட்டி இறங்கியது என்ற ஒரே காரணத்தின் இரண்டு பக்கம்.

இந்த ஏற்றம் வெறும் காற்று என்றும் சொல்லமாட்டேன். 2024 இல் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. டிசம்பரில் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களின் மறுசீரமைப்பு முடிந்தது. வங்கிப் பங்குகள் ஏறியதற்கு நியாயம் இருந்தது. அதே ஆண்டில், உலக வங்கியின் கணக்குப்படி, நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில். இரண்டும் உண்மை. சந்தை எடைபோடுவது பட்டியலில் உள்ள முந்நூறுக்கும் குறைவான நிறுவனங்களின் வருங்கால இலாபத்தை மட்டும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் என்ன விலைக்குப் போகிறது, பருத்தித்துறையில் படகுக்கு எண்ணெய் அடிக்கக் காசு இருக்கிறதா, கனடாவில் இருந்து மகன் இந்த மாதம் அனுப்பினானா, அடகில் கிடக்கும் தாலிக்கொடி மீளுமா, இதெல்லாம் அதில் நேரடியாக ஏறாது. 2009 இல் இதே சுட்டி 125 வீதம் ஏறியது. வன்னிச் சனம் முகாம்களில் கிடந்த ஆண்டு அது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

சரி, பங்கு வாங்கக்கூடாதா? வாங்கலாம். ஐந்து வருடத்துக்குக் கை வைக்கத் தேவையில்லாத காசு என்றால் மட்டும். மருந்துச் செலவுக்கும் மாதச் செலவுக்கும் வட்டியை நம்பியிருப்பவர் வைப்பில் உள்ள காசைத் தூக்கி அங்கே வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ரீச்சருக்கும் அதைத்தான் சொன்னேன். வாங்குகிறவர்கள் சுட்டியைப் பார்க்கும் நேரத்தில், வழமையாகப் புதன்கிழமைகளில் நடக்கும் திறைசேரி உண்டியல் ஏலத்தின் வட்டியைப் பாருங்கள். அது மேலே திரும்பினால் பங்குகளுக்கு நெருக்கடி வரலாம். வாங்கப்போகும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இலாபம் எங்கிருந்து வந்தது என்ற பக்கத்தையாவது வாசியுங்கள்.

பங்கு வாங்கி வைத்திருக்கத் தேவையான சீ.டீ.எஸ். கணக்கை உரிமம் பெற்ற தரகர் ஊடாகத் திறவுங்கள். அந்தத் தரகர்களின் பெயர்ப்பட்டியலைப் பிணையங்கள் பரிவர்த்தனைகள் ஆணைக்குழு வெளியிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, தனியார் ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னால், அது பங்குச் சந்தையே இல்லை.