வெள்ளிக்கிழமை பதிவு செய்தவர் திங்கட்கிழமை வரவில்லை

2024 பிப்ரவரி 2. இந்தி நடிகை பூனம் பாண்டே கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே செய்தி வந்தது. அன்று மாலைக்குள் சிங்கப்பூரில் நான் தாதியாக வேலை பார்க்கும் மருந்தகத்துக்கு (கிளினிக்) தமிழ்ப் பெண்களிடமிருந்து வழக்கத்தைவிட அதிகமாக அழைப்புகள். அதில் யீஷூனில் இருக்கும் ஓர் அக்காவும் ஒருவர். 46 வயது. கடைசியாக எப்போது பரிசோதனை செய்தீர்கள் என்று கேட்டேன். சின்ன மகன் பிறந்தபோது என்றார். அந்த மகன் இப்போது, இளைஞர்கள் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையில் இருக்கிறான். உடனே திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பதிவு செய்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, "நான் உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன்" என்று அந்த நடிகை காணொளி போட்டார். திங்கட்கிழமை அக்கா வரவில்லை. கூப்பிட்டேன்.

"அதான் பொய்னு சொல்லிட்டாங்களே மிஸி. அந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்கு."

நடிகையின் சாவு பொய்யானதும் நோயும் அக்காவுக்குப் பொய்யாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, அக்கா மேல் இல்லை. ஒரு நோயைப் பற்றிய செய்தியை ஒரு பிரபலத்தின் உடம்போடு கட்டிவிட்டால், அவர் கதை சாயும்போது செய்தியும் சேர்ந்தே சாயும். அதைத் தாங்கிப் பிடிக்க அந்த ஊடகப் பரபரப்பில் ஒருவரும் இருப்பதில்லை.

அந்தக் கதை சொன்ன விஷயமும் தவறு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று இல்லை என்றது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஏறக்குறைய எல்லாமே எச்பிவி என்ற வைரஸால் வருகிறது, அதுவும் பல ஆண்டுகள் உடம்பிலேயே தங்கி, செல்களை மெல்ல மெல்ல மாற்றி, பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் புற்றுநோயாகிறது. அதாவது நமக்கு நேரம் இருக்கிறது. என் அறைக்கு வரும் பெண்ணிடம் நான் முதலில் சொல்வதே இதைத்தான். பயத்தில் வருகிறவர் பயம் போனதும் வருவதை நிறுத்திவிடுவார்.

உண்மையான சாவுக்குப் பிறகும் இதேதான் நடந்திருக்கிறது. பிரிட்டனின் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் கூடி 2008 ஆகஸ்டில் இந்தியாவில் 'பிக் பாஸ்' வீட்டுக்குள் இருந்தபோதுதான் தனக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டார். 2009 மார்ச் 22 அன்று இறந்தபோது அவருக்கு 27 வயது. 2008 நடுவிலிருந்து 2009 நடுவரை இங்கிலாந்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர் தன் வேதனையை மறைக்காமல் காட்டியதால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் வருகை மறுபடி சரிந்தது.

நம்மூர்ப் பெண்கள் கௌதமியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதையும் பார்க்கிறேன். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, பல ஆண்டுகளாக அதைப் பற்றிப் பேசிவருகிறார். பரபரப்பு எதுவும் இல்லை. "அவங்க பேசினதைக் கேட்டேன்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேள்விகளோடு வருகிறார்கள், மறுமுறையும் வருகிறார்கள்.

அப்புறம், பிரபலங்கள் அதிகம் பேசாத ஒன்று. இந்த வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுகிறது. இதைச் சொன்னதும் அறையில் ஓர் அமைதி வரும். "அப்போ என்னைத் தப்பா நினைப்பாங்களா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறார், கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர். உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்துபோகிறது, பெரும்பாலும் தானாகவே போய்விடும். இதில் ஒழுக்கக் கேடு ஒன்றும் இல்லை. நம் பெண்களைத் தடுப்பது பயத்தைவிட இந்தக் கூச்சம்தான். கையுறை போடும் சத்தத்துக்கே உடம்பு இறுகிவிடுகிறவர்கள் உண்டு. கருவியை வெந்நீரில் கொஞ்சம் சூடுபடுத்திக்கொள்வேன், முழங்காலுக்கு மேல் போர்வை போடுவேன், சின்னத் தூரிகையை நாலைந்து சுற்றுச் சுற்றிக் குப்பியில் அலசினால் வேலை முடிந்தது. பெண் மருத்துவரோ தாதியோ வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

யீஷூன் அக்கா ஏப்ரலில் வந்தார். நான் இரண்டு முறை அழைத்தும் வராதவரை மேல்மாடி வீட்டு மலாய்த் தோழிதான் "நானும் செய்யணும், வா, சேர்ந்தே போவோம்" என்று கீழ்த்தளத்திலிருந்தே கூட்டிவந்துவிட்டார். சோதனையில் எச்பிவி இருப்பது தெரிந்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பினோம். மாறத் தொடங்கிய செல்கள் மட்டும்தான், புற்றுநோய் இல்லை. எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் தன் புளோக்கில் இருந்து ஆள் அனுப்புகிறார், இதுவரை மூன்று பேர்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்த முறை ஒரு நடிகையின் நோய்ச் செய்தி வரும்போது, அதோடு இதையும் சேர்த்து அனுப்புங்கள்: உடலுறவு அனுபவம் உள்ள பெண்களுக்கு 25 முதல் 29 வயதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாப் பரிசோதனை (கருப்பை வாய்ச் செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது), 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை. அரசின் 'ஸ்கிரீன் ஃபார் லைஃப்' பரிசோதனைத் திட்டத்தில் தகுதியுள்ள குடிமக்களுக்கு, அரசு மானியத் திட்டத்தில் உள்ள சாஸ் மருந்தகங்களில் 5 வெள்ளிக்கு மேல் ஆகாது. வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை, முதலாளியம்மாதான் யோசிக்க வேண்டும். உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண்களுக்கு 2019 ஏப்ரலில் தொடங்கிய பள்ளித் தடுப்பூசித் திட்டம் இருக்கிறது, சம்மதப் படிவம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். உறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் தவணைத் தேதி பார்க்காதீர்கள், அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.