பாடிய கதையை மறுபடி பேசுவது ஏன்?

சேலம் மாவட்டத்தில் மேச்சேரி, எடப்பாடி, தாரமங்கலம் பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்கு நடக்கும் கூத்தை இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பார்கள். வேடதாரி விருத்தமும் பாட்டும் பாடி முடித்தவுடன், அதே செய்தியை வசனத்தில் இன்னொரு முறை சொல்கிறார். ‘கர்ண மோட்சம்’ கூத்தில், போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில், அவன் பாடும் அடிகளைப் பின்பாட்டுக்காரர்கள் ஏற்றுப் பாட, முகவீணை என்னும் சிறு ஊதுகருவி அதைத் தொடர, மிருதங்கம் ஓய்ந்ததும் கர்ணன் அதையே பேச்சாக விரிக்கிறான். நடுவில் கோமாளியாகிய கட்டியக்காரன் புகுந்து குறுக்குக் கேள்வி கேட்கிறான். விடியும்வரை பொழுதை ஓட்டுவதற்கான உத்தி இது என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், இதற்கு ஒலியியலில் வலுவான காரணம் இருக்கிறது.

ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டிக்கொடுப்பதில் மெய்யொலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குரலின் ஆற்றலோ பெரும்பாலும் உயிரொலிகளிடம் இருக்கிறது. பாட்டு நீட்டுவது உயிரைத்தான். ‘க்’, ‘ட்’, ‘த்’ போன்ற வல்லொலிகளை எந்தப் பாடகராலும் நீட்ட முடியாது என்பதால், குரல் தெருக்கோடி வரை போனாலும் சொல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சுருதி மிகவும் ஏறினால் உயிரொலிகளும் குழம்பும். வாயறையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாகப் பெருக்கிக்காட்டும் அதிர்வெண், ‘ஈ’, ‘ஊ’ ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 300 அதிர்வு), ‘ஆ’ ஒலிக்கு ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸுக்கு மேல். குரல்நாண்களே 700 ஹெர்ட்ஸில் அதிரும்போது குரலிலுள்ள அதிர்வெண்கள் 700, 1400, 2100 என்று தாவுவதால், 300 ஹெர்ட்ஸை ஒட்டி எதுவும் இருப்பதில்லை. ‘ஈ’யைக் கேட்டு ‘ஈ’ என்று அறியும் வழி அடைபட்டுப்போகிறது. உச்ச ஸ்தாயியில் பாடும் ஓபரா (ஐரோப்பிய இசைநாடகம்) பாடகியின் சொற்கள் அவருடைய தாய்மொழிக்காரர்களுக்கே விளங்காமல் போவதற்கு இதுவே காரணம்.

ஐரோப்பிய ஓபரா இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 1607இல் மாந்துவா நகரில் அரங்கேறிய மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ காலத்திலேயே, பேச்சின் நடையை ஒட்டி, ஒரு சில கருவிகளின் மெல்லிய துணையுடன் பாடிச் செல்லும் ‘ரெசிட்டேட்டிவ்’ என்ற முறை இருந்தது. பின்னாளில் வேலைப் பிரிவினை தெளிவானது: ரெசிட்டேட்டிவில் கதை நகரும், ‘ஆரியா’ என்னும் முழுப் பாட்டில் கதை நின்று உணர்ச்சி விரியும். ஆரியாவில் சில அடிகளே திரும்பத் திரும்ப வருவதால், முதல் முறை தவறிய சொல் அடுத்த முறை பிடிபடும். இசைக்குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டி மிகுந்து, அதற்கு மேலே குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டைக்குழியைச் சீரமைத்து 3000 ஹெர்ட்ஸை ஒட்டித் தம் குரலைக் கூர்மையாக்குகிறார் என்பதை ஸ்வீடனின் குரலொலி ஆய்வாளர் யோகான் சுன்ட்பெரி விளக்கினார். நம் காது மிகுந்த கூர்மையுடன் கேட்கும் பகுதியும் அதுதான்.

வேறு சிலர் இசையை நிறுத்திப் பேசவே விட்டார்கள். 1791இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ அப்படிப்பட்டது. 1875இல் பாரிஸில் அரங்கேறிய பிசேயின் ‘கார்மென்’ ஓபராவிலும் பேச்சு இருந்தது; அதே ஆண்டில் பிசே இறந்த பின், வியன்னா அரங்குக்காக இசையமைப்பாளர் எர்னெஸ்ட் கிரோ பேச்சுப் பகுதிகளுக்கு ரெசிட்டேட்டிவ் இசை அமைத்தார். அதில் வாய்ச்சண்டையின் சுருக்கென்ற காரம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

கூத்துக்கு அரங்கச் சுவர்களின் எதிரொலி உதவி கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. எனவேதான் உச்சச் சுருதி, கூர்மையான முகவீணை, பின்பாட்டு, அப்புறம் வசனம் என்று ஒரே செய்தி பல வழிகளில் அனுப்பப்படுகிறது. இப்போது வேடதாரிகளின் தலைக்கு மேலே மைக் தொங்குகிறது. மெய்யொலிகளும் கடைசி வரிசை வரை கேட்கின்றன. அப்படியிருந்தும் வசனம் சுருங்கவில்லை. குருச்சேத்திரத்துக் கர்ணனிடம் ஊர்ப் பேச்சில் நியாயம் கேட்கக் கட்டியக்காரனுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது.