கிராஃபிட்டி: கீறலா, கிறுக்கலா, சுவரெழுத்தா?

அக்கா மகளுக்கு ஓசூரில் வேலை. நாலு நாள் லீவு கிடைத்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். கோயில், அருவி, கடற்கரை என்று போகிற ஆள் இல்லை. படமும் எழுத்தும் தீட்டிய சுவர் பார்க்கப் போவாள். டெல்லி லோதி காலனி, கொச்சிக் கோட்டை, சென்னை கண்ணகி நகர் எல்லாம் முடிந்தது. அடுத்தது பினாங்கு. பார்த்ததையெல்லாம் தமிழில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தவள் தலைப்பிலேயே நின்றுவிட்டாள். கிருஷ்ணகிரியில் இருக்கும் எனக்குப் போன் வந்தது.

"மாமா, கிராஃபிட்டிக்குத் தமிழ்ல என்ன? அகராதில சுவர்க்கிறுக்கல்னு போட்டிருக்கு. இவ்வளவு செலவு பண்ணிக் கிறுக்கலையா பார்க்கப் போறேன்?"

எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

கிராஃபிட்டி இத்தாலியச் சொல், அதுவும் பன்மைச் சொல். ஒன்றே ஒன்று என்றால் கிராஃபிட்டோ. ஆங்கிலம் வாங்கும்போது ஒருமை, பன்மை பார்க்காமல் கிராஃபிட்டி என்றே வைத்துக்கொண்டது. நாமும் அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம். இதற்குப் பக்கத்தில் இருக்கும் வினை 'கிராஃபியாரே': கீறுதல், பிறாண்டுதல். பூனை பிறாண்டினாலும் இத்தாலியில் அதே வினைதான். இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தின் 'கிராஃபைன்' என்ற வினையோடு இதை இணைக்கிறார்கள். அதற்கு எழுதுதல், வரைதல் என்று பொருள். ஆதிப் பொருள் கீறுதல். சுவரின் மேல்பூச்சைக் கீறி, அடிப்பூச்சின் நிறத்தை வெளியே காட்டும் அலங்கார வேலை ஒன்று இத்தாலியில் உண்டு. அதன் பெயர் ஸ்கிராஃபிட்டோ. அதுவும் இதே குடும்பம்.

இந்தச் சொல்லை முதலில் உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஸ்பிரே டப்பா பிடித்த இளைஞர்கள் இல்லை, பழைய ஊர்களைத் தோண்டியவர்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரைத் தோண்டி எடுத்தபோது, சுவர் சுவராக ஆணியால் கீறிய எழுத்துகள் கிடைத்தன. காதல், வசவு, கணக்கு, பெயர், எல்லாம். கர்ருச்சி என்ற பாதிரியார் 1856இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கிராஃபிட்டி என்ற சொல் இருக்கிறது. அதே ஊரில் ஓட்டுக் கேட்டு எழுதியவை மட்டும் கீறல் இல்லை, தூரிகையால் வண்ணம் தொட்டு எழுதியவை. அவற்றை டிபிண்டி என்று தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். ஆக, ஆணியால் கீறினால் ஒரு பெயர், பெயிண்டால் எழுதினால் வேறு பெயர். இன்று நாம் கிராஃபிட்டி என்று சொல்வதில் முக்கால்வாசி அந்தக் கணக்குப்படி கிராஃபிட்டியே இல்லை!

பாம்பேய் கீறல்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. யாரோ ஒருவர் சுவரைப் பார்த்தே பேசுகிறார்: சுவரே, இத்தனை பேர் எழுதிய அலுப்பையும் தாங்கிக்கொண்டு நீ இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறாயே, ஆச்சரியம்தான். அதையும் சுவரில்தான் கீறி வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிராஃபி, கிறுக்கு, கீறு என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். இத்தாலியச் சொல்லே தமிழிலிருந்து போனது என்று கிளம்பிவிடுவார்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. கிரேக்கச் சொல்லுக்கு அதன் மொழிக்குடும்பத்திலேயே வேர் காட்டியிருக்கிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் தொல்லியல் துறையினர் பானை ஓட்டில் கீறிய குறிகளைக் கீறல், கீறல் குறியீடு என்கிறார்கள். மூலச் சொல்லுக்கு அப்படியே நேர்ச் சொல், ஒரு குறையும் இல்லை. கீழடி ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறதே, அது அசல் கிராஃபிட்டோ. எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல் காதிம் என்ற இடத்தில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு கிடைத்தது. ஒறி என்றால் உறி. யாரோ நம்மாள் அவ்வளவு தூரம் போயும் தன் பானையில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் கீறல் என்ற சொல் பெயிண்ட் சுவருக்குப் பொருந்தாது. கார் கதவில் விழுந்தால்தான் நமக்கு அது கீறல். அகராதி சொல்லும் கிறுக்கல் இன்னும் மோசம். கிறுக்கு என்றால் பைத்தியம் என்றும் பொருள் இருப்பதால், சொல்லும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். ராயக்கோட்டை மலைக்கோட்டைக் கல்லில் அம்பு துளைத்த இதயம் போட்டு இரண்டு பெயர் எழுதுகிறார்களே, அதற்கு வேண்டுமானால் கிறுக்கல் சரி. (அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைப் பாழாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. காதலுக்கு அது கொஞ்சம் அதிக விலை.)

மிச்சம் சுவரெழுத்து. இதைச் சொன்னதும் அக்கா மகள் சிரித்தாள். "அது கட்சிக்காரங்க எழுதறது மாமா." வாஸ்தவம். நம் பக்கம் சுவரெழுத்து என்றால் தேர்தல்தான். ஆறு மாதம் முன்பே வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரைப் போட்டு 'ரிசர்வ்' பண்ணிவிடுவார்கள். அவள் சொன்ன இன்னொரு தடை: "எழுத்துனா எழுத்து மட்டும்தானே? படத்துக்கு எப்படி வரும்?"

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. எழுது என்ற வினைக்கு இன்று நமக்குத் தெரிந்தது பாதிப் பொருள்தான். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்கிறது குறள். கண்ணுக்கு மை தீட்டும்போது அந்த மைக்கோலையே கண் பார்ப்பதில்லை. அங்கே எழுதுதல் என்றால் தீட்டுதல். 'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். இன்று வரைய முடியும் என்றும் சொல்கிறோம், ஆனால் எழுத முடியும் என்பதும் நம் வழக்குதான். சுவர், சித்திரம், எழுது மூன்றும் ஒரே வரியில் கிடக்கின்றன. நான்தான் அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். போதாதென்று, ஓலையில் எழுத்தாணியால் எழுதியதும் கீறல்தானே! கீறிய பிறகு மை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். கிரேக்கனின் வினையில் கீறலும் எழுத்தும் ஓவியமும் ஒன்றாக இருந்த மாதிரி, நம் எழுத்திலும் மூன்றும் இருக்கின்றன.

நம் மாவட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரைவீரர்கள் சண்டை போடுகிறார்கள், அது தீட்டியது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களில் வீரனின் உருவமும் வட்டெழுத்தும் ஒரே கல்லில் நிற்கும், அது செதுக்கியது. 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும்' நட்ட நடுகல் என்று அகநானூறு சொல்கிறது. அதர் என்றால் வழி. போகிறவர், வருகிறவர் கண்ணில் படும்படி வழியெல்லாம் பெயர் எழுதுவது! 1971இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு பையனைப் பற்றி எழுதியது. போகிற இடமெல்லாம் டாக்கி 183 என்று தன் செல்லப்பெயரையும் தெரு எண்ணையும் எழுதிக்கொண்டு போனவன் அவன். வீரத்தையும் அதையும் ஒன்றாக வைக்கவில்லை. வழியில் பெயர் எழுதும் ஆசை பழையது என்கிறேன், அவ்வளவுதான்.

கட்சிச் சுவர் என்பதும் எனக்குத் தடையாகத் தெரியவில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் உயரமான கட்டடங்களில் ஏறிக் கறுப்பு எழுத்தாக எழுதுவதைப் பிஷாசோ என்கிறார்கள். 'பிஷே' என்றால் அவர்கள் மொழியில் தார். சுவரில் அரசியல் முழக்கம் எழுதிய காலத்திலிருந்து வருகிற பழக்கம். தாரும் அரசியலும் என்றதும் ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தது நமக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

ஆனால் அவள் போகிற எல்லா ஊருக்கும் சுவரெழுத்து பொருந்தாது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஆர்மேனியன் தெருவில், சுவரில் தீட்டிய இரண்டு பிள்ளைகள் நிஜ சைக்கிளில் போகிற படம் இருக்கிறது. 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. அது சுவரோவியம். லோதி காலனியும் கண்ணகி நகரும் அப்படித்தான். அனுமதி வாங்கி, சாரம் கட்டிச் செய்தவை. மெல்போர்ன் ஹோசியர் சந்தில் ஒருவர் மேல் ஒருவர் எழுதி, இன்று பார்த்தது நாளை இருக்காது, அது சுவரெழுத்து. பெர்லினின் ஈஸ்ட் சைடு கேலரியில் 1990இல், இடிபடாமல் நின்ற பெர்லின் சுவரில் சுமார் 1.3 கிலோமீட்டருக்கு ஓவியர்கள் தீட்டியது ஓவியம். அதற்கு முன் மேற்குப் பக்கம் ஜனங்கள் எழுதிக் குவித்தது எழுத்து. எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெருக்கலை என்று வைக்கலாமே என்றாள். எங்கள் பக்கம் வேண்டாம், தெருக்கூத்து என்று நினைத்துப் பாரதக் கூத்து எந்த ஊரில் என்று கேட்பார்கள் என்றேன். வீதி ஓவியம் என்று முடிவாயிற்று.

கடைசியாக ஒன்று சொன்னேன். ஸ்பிரே டப்பாவோடு இரவில் போகிறவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் ஊரில் அவர்களுக்குப் பெயர் ரைட்டர். எழுத்து என்று நாம் வைத்தது வீண் போகவில்லை, பார்த்தாயா?

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்ம ஊர்ல ரைட்டர்னா போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்தானே மாமா? அப்போ சுவத்துல எழுதறவனும் ரைட்டர், அவன் மேல கேஸ் எழுதறவரும் ரைட்டரா?"